லயத்தில் வளர்ந்த கட்சி: ம.இ.கா. எழுந்ததும் தேய்ந்ததும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள பழைய தோட்டப் பாதைகளில் போனால், செம்பனை மரங்களுக்கு நடுவே திடீரென ஒரு மாரியம்மன் கோயில் தெரியும். பக்கத்தில் வீடு எதுவும் இருக்காது. தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயங்களை இடித்துப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். திருவிழாவுக்கு மட்டும் பழைய குடும்பங்கள் தாமான்களிலிருந்து, அதாவது வீடமைப்புப் பகுதிகளிலிருந்து, வந்து கூடும். நான் பிறந்த தோட்டத்திலும் இதே நிலைதான். என் சிறு வயதில் அந்தக் கோயிலுக்கு எதிரே, தொழிலாளர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை ஓரமாக ஒரு பலகை நின்றது. மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) என்று மேலே இருக்கும், அதன் கீழே தோட்டத்தின் பெயர், அதற்கும் கீழே 'கிளை' என்ற சொல். கோயில் இன்னும் இருக்கிறது. பலகை இல்லை.

2022 நவம்பரில் நடந்ததுதான் மலேசியாவில் 18 வயதினர் ஓட்டுப் போட்ட முதல் பொதுத் தேர்தல். அவர்களில் ஒருத்தி என் அண்ணன் மகள். மறுநாள் வந்து கேட்டாள்: "சித்தப்பா, ம.இ.கா. மைய வலதுசாரிக் கட்சின்னு படிச்சேன். பால்மரம் வெட்டுனவங்க கட்சி எப்படி வலதுசாரி ஆகும்?" அவள் கேட்டது சரியான இடத்தில் விழுந்த கேள்வி. உலகில் பல நாடுகளில் கூலித் தொழிலாளர்கள் இடதுசாரிக் கட்சிகள் பக்கம்தான் நின்றார்கள். இங்கே ஏன் அப்படி நடக்கவில்லை? அவளுக்கும், அவளைப் போல அரசியலை இப்போதுதான் கவனிக்கத் தொடங்கியிருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

முதலில் சொற்களைப் பார்த்துவிடுவோம். இடது, வலது என்ற பேச்சு பிரெஞ்சுப் புரட்சியில் பிறந்தது. 1789-இல் அங்கே கூடிய தேசிய மன்றத்தில் அரசருக்கு அதிகாரம் வேண்டும் என்றவர்கள் அவைத் தலைவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தார்கள், அதைக் குறைக்க வேண்டும் என்றவர்கள் இடப்பக்கம் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த இடமே கொள்கையின் பெயராகிவிட்டது. இன்றைக்குப் பொதுவாகச் சொன்னால், சொத்தும் வருமானமும் சிலர் கையில் குவிவதை அரசு தலையிட்டு மாற்ற வேண்டும் என்பது இடது. சொத்துரிமை, வியாபாரம், மதம், மரபு ஆகியவற்றைக் காக்க வேண்டும் என்பது வலது. மைய வலது என்பது வலதின் நிதானமான பகுதி. இருக்கிற அமைப்பை உடைக்காதே, அதற்குள்ளேயே நுழைந்து, ஆட்சியில் இருப்பவர்களோடு பேசி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே வா என்பது அதன் வழி.

தோட்டத்து உதாரணம் சொன்னால் இன்னும் விளங்கும். வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்று தன் தோட்டத்தை விற்கப் போகிறது. லயத்தில் இருநூறு குடும்பங்கள். 'இந்த மண்ணைச் சீர்படுத்தியவர்கள் தொழிலாளர்கள், நிலம் அவர்களுக்கே சேர வேண்டும், போராடு' என்பது இடதின் குரல். 'முதலாளியின் சொத்து, யாருக்கு விற்கிறார் என்பது அவர் விருப்பம்' என்பது கடும் வலது. 'எல்லாரும் மாதம் பத்து வெள்ளி (மலாயா டாலர்) போடுங்கள், சந்தை விலை கொடுத்து நாமே அந்தத் தோட்டத்தை வாங்கலாம்' என்றால் அது மைய வலது. இந்த மூன்றாவது வழி இந்த நாட்டில் உண்மையாகவே நடந்தது. பிறகு அதற்கு வருகிறேன்.

ம.இ.கா. பிறக்கும்போது வலதுசாரிக் கட்சி அல்ல. 1946 ஆகஸ்டில் கோலாலம்பூரில் அதைத் தொடங்கிய ஜான் திவி, நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் இயக்கத்தில் இருந்தவர். 'காங்கிரஸ்' என்ற பெயரே இந்திய விடுதலைப் போராட்டத்திலிருந்து வந்தது. அடுத்த ஆண்டே அந்தக் கட்சி, மலாயாவுக்கு ஆங்கிலேயர் கொண்டுவந்த அரசியல் அமைப்புத் திட்டத்தை எதிர்த்து இடதுசாரிகளோடு ஒரே அணியில் நின்றது. 1947 அக்டோபர் 20-ஆம் தேதி நாடு முழுவதும் நடந்த ஹர்த்தாலை நடத்தியதும் அந்த அணிதான். ஆனால் அன்றைய தலைவர்களில் பலர் ஆங்கிலம் படித்த நகரத்துக்காரர்கள். பால் வெட்டுகிற தமிழருக்கு அவர்கள் எட்டாத தூரத்தில் இருந்தார்கள். தோட்டத்துக்குள் அப்போது வேரோடியிருந்தவை தொழிற்சங்கங்கள், அவற்றில் பல இடதுசாரிகளின் கையில்.

அந்த வேரை வெட்டியது 1948. அந்த ஆண்டு ஜூன் 16-ஆம் தேதி எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில்தான் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது, அது 1960 வரை நீடித்தது. இடதுசாரித் தொழிற்சங்கச் சம்மேளனத்துக்குத் தடை வந்தது. அதன் தலைவர் எஸ்.ஏ. கணபதி, தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த தமிழர், 1949 மே மாதம் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். தோட்டங்களைச் சுற்றி முள்கம்பி, ஊரடங்கு, சோதனை. சங்கம் என்ற சொல்லைச் சொல்லவே ஆட்கள் பயந்த காலம் அது என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். என் அண்ணன் மகளின் கேள்விக்குப் பாதிப் பதில் இங்கே இருக்கிறது. தோட்டத் தமிழர் இடது வழியை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு வலது பக்கம் போகவில்லை. இடது வழி அடைக்கப்பட்டிருந்தது. பேசிப் பெறுகிற வழி ஒன்றுதான் திறந்திருந்தது.

அந்த வழியில் 1954-இல் ம.இ.கா., மலாய்க்காரர்களின் கட்சியான அம்னோவும் மலாயா சீனர் சங்கமும் அமைத்திருந்த கூட்டணியில் சேர்ந்தது. 1955-இல் தலைவரானார் வீ.தி. சம்பந்தன். சுங்கை சிப்புட்டில் பிறந்தவர், ரப்பர் தோட்டக்காரரின் மகன், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். இங்கே மகாத்மா காந்தி கலாசாலையை 1954-இல் எழுப்பியவரும் அவர்தான். அதைத் திறந்துவைக்க நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் இந்த ஊருக்கு வந்தார். சம்பந்தன் செய்த பெரிய மாற்றம், கட்சியின் மொழியைத் தமிழாக்கி அதைத் தோட்டத்துக்குள் கொண்டுவந்தது. கிளைகள் அப்படித்தான் முளைத்தன. கிராணி (தோட்டக் கணக்கர்), மண்டோர் (மேற்பார்வையாளர்), தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் போன்ற யாராவது ஒருவர் கிளைத் தலைவராக இருப்பார். பிறப்புப் பத்திரம் தொலைந்ததா, அடையாள கார்டு சிவப்பிலிருந்து குடிமக்களுக்கான நீலமாக வேண்டுமா, பள்ளிக்கூடக் கூரைக்கு மானியம் வேண்டுமா, கோயில் திருவிழாவுக்கு அனுமதி வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அவரிடம்தான் போக வேண்டும். அவர் தொகுதித் தலைவரிடம் போவார். அங்கிருந்து அமைச்சர் வரை ஒரு சங்கிலி. படிப்பும் குடியுரிமையும் இல்லாத மக்களுக்கு அது எவ்வளவு பெரிய துணை என்பதை, தாமானில் பிறந்து இணையத்தில் மனுப் போடுகிறவர்களுக்கு விளக்குவது கடினம்.

ஓட்டுக் கணக்கையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் அதில்தான் சாவி இருக்கிறது. 1955 தேர்தலில் வாக்காளர்களில் நூற்றுக்கு 80-க்கும் மேற்பட்டவர்கள் மலாய்க்காரர்கள். கூட்டணி 52 இடங்களில் 51-ஐ வென்றது, அதில் ம.இ.கா.வுக்கு இரண்டு. இந்தியர் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி இந்த நாட்டில் இன்றுவரை ஒன்றுகூடக் கிடையாது. அப்படியென்றால் ம.இ.கா. வேட்பாளர் ஜெயிக்க வேண்டுமானால் மலாய்க்காரரும் சீனரும் அவருக்குப் போட வேண்டும். பதிலுக்கு, இந்தியர் சிறுபான்மையாகச் சிதறியிருக்கிற மற்ற தொகுதிகளில் தங்கள் ஓட்டைக் கூட்டணிக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்கல் வாங்கல் இது. இந்தக் கணக்கு பொருந்தியிருந்த வரையில் சின்னக் கட்சிக்கும் அமைச்சரவையில் நாற்காலி இருந்தது.

இப்போது அந்தப் பத்து வெள்ளிக்கு வருகிறேன். ஐம்பதுகளில், சுதந்திரத்துக்குக் கொஞ்சம் முன்னும் பின்னும், ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் பலர் அவற்றைத் துண்டு துண்டாக்கி லாபத்துக்கு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று அதற்குப் பெயர். சின்னத் துண்டில் லயம் எதற்கு, பள்ளிக்கூடம் எதற்கு? வேலை போனவுடன் வீடும் போனது, ஏனென்றால் வீடு தோட்டத்துக்குச் சொந்தம். மூன்று தலைமுறை உழைத்த குடும்பங்கள் பெட்டியோடு சாலையில் நின்றன. 1960-இல் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு 100 வெள்ளி, மாதம் பத்து வெள்ளி வீதம் கட்டலாம். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். முதலில் வாங்கியது கெடாவில் உள்ள புக்கிட் சிடிம் தோட்டம். பிறகு ஒவ்வொன்றாகப் பத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள். சங்கம் இன்றும் இருக்கிறது.

என் அப்பா அதில் ஒரு பங்கு எடுத்தார். அந்தச் சிறு புத்தகத்தை அம்மா சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் 'எனக்கும் தோட்டம் இருக்கு' என்று சொல்லும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்பது எனக்கு நினைவிருக்கிறது. மைய வலதுசாரிச் சிந்தனையின் மிகச் சிறந்த பக்கம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். கூலியாளைச் சொத்துக்காரனாக்கிவிட்டால் அவன் நிமிர்ந்து நிற்பான் என்கிற நம்பிக்கை. ம.இ.கா.வைப் பற்றி எத்தனை குறை சொன்னாலும் இந்தப் பங்களிப்பை மறக்கக் கூடாது.

அதன் எல்லையும் சீக்கிரமே தெரிந்தது. 1969 மே 13 இனக் கலவரத்துக்குப் பின் வேலை அனுமதிச் சட்டம் கடுமையாக அமலானது. குடியுரிமை இல்லாத தோட்டத் தொழிலாளர்களுக்கு வேலை மறுக்கப்பட்டது, ஏறத்தாழ 60,000 பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் அதில் உண்டு. பேசிப் பெறுகிற கட்சியால் அதைத் தடுக்க முடியவில்லை. பேச்சு செல்ல வேண்டுமானால் எதிரே இருப்பவருக்கு உன் தயவு தேவைப்பட வேண்டும். அந்த நேரத்தில் தேவைப்படவில்லை.

சம்பந்தன் 1973-இல் பதவி விலகினார், மாணிக்கவாசகம் வந்தார். 1974-இல் கூட்டணி விரிந்து தேசிய முன்னணியானது. அதே ஆண்டு சுங்கை சிப்புட்டில் சம்பந்தன் இடத்தில் நின்று வென்றவர் எஸ். சாமிவேலு. 1979-இல் மாணிக்கவாசகம் மறைந்ததும் கட்சித் தலைமை அவரிடம் வந்தது. 2010 வரை, 31 ஆண்டுகள், அவரிடமே இருந்தது. இந்தத் தொகுதியை 1959 முதல் 2008 வரை வைத்திருந்தவர்கள் இரண்டே பேர் என்பதை யோசித்துப் பாருங்கள்.

சாமிவேலு காலத்தில் கட்சி கல்விக்குச் செய்தது பெரிது. 1984-இல் கல்வி மேம்பாட்டு நிறுவனம், பிறகு சிரம்பானில் தொழில்நுட்பக் கல்லூரி, 2001-இல் கெடாவில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம். தோட்டத்துப் பிள்ளைகள் அங்கே டாக்டராகியிருக்கிறார்கள். அதே காலத்தில்தான் மைக்கா ஹோல்டிங்ஸும் வந்தது. 1982-இல் தொடங்கிய இந்த நிறுவனத்தில் ஏறத்தாழ 66,000 இந்தியர்கள் 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் போட்டார்கள். நகையை அடகு வைத்துப் போட்டவர்கள் உண்டு. கூட்டுறவுச் சங்கத்தின் அதே எண்ணம்தான் இதிலும், சமூகத்தின் சிறு சேமிப்பைச் சொத்தாக மாற்றுவது. ஆனால் கூட்டுறவு வாங்கியது ரப்பர் தோட்டம். மரம் எத்தனை, பால் எவ்வளவு என்பது உறுப்பினருக்கே தெரியும். மைக்கா போனது காப்புறுதி போன்ற துறைகளுக்கு, அங்கே என்ன நடக்கிறது என்பது பங்குதாரருக்குத் தெரியாது. லாபம் வரவில்லை, சர்ச்சைகள் வந்தன. கடைசியில் 2010-இல் ஒரு ரிங்கிட் பங்குக்கு 80 சென் என்று திருப்பி வாங்கும் திட்டம் வந்தபோது 28 ஆண்டுகள் ஓடியிருந்தன. போட்டவர்களில் பலர் உயிரோடு இல்லை.

இதற்கிடையே கட்சி நின்றிருந்த தரையே நகர்ந்துகொண்டிருந்தது, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும், அந்த ஆட்களையும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வரவழைத்தார்கள். நகரத்தை ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போயின. எங்கள் லயத்துக் குடும்பங்கள் ஈப்போ, கிள்ளான், ஷா ஆலாம் என்று சிதறின. சிலர் தாமானில் மலிவு வீடு வாங்கினார்கள், பலர் புறம்போக்கில் பலகை வீடு கட்டினார்கள். தோட்டத்தில், காலையில் ஆட்கள் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்தில் நின்று ஒரு குரல் கொடுத்தால் எல்லாரும் கூடுவார்கள். அடுக்குமாடி வீட்டில் பத்தாவது மாடிக்காரனை எந்தக் கிளைத் தலைவர் தேடிப் போவார்? கட்சியின் உயிரணு கிளை. கிளையின் உயிரணு லயம். லயம் போனபின் பல கிளைகள் காகிதத்தில் மட்டும் இருந்தன. உள்கட்சித் தேர்தலில் கிளைகளின் பலம்தான் பேசும் என்பதால் அவை காகிதத்தில் இருப்பதே சிலருக்குப் போதுமானதாக இருந்தது. எதிர்த்தவர்கள் வெளியேறினார்கள். 1988-இல் நீக்கப்பட்ட எம்.ஜி. பண்டிதன் தனிக் கட்சியே கண்டார்.

நகரத்துக்கு வந்தவர்களின் துன்பம் வேறு வகை. கல்வி வாய்ப்பு, வேலை, போலீஸ் காவலில் மரணம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கோயில் உடைப்பு. தோட்டக் கோயில் தோட்ட நிலத்தில் இருந்தது, நிலம் கை மாறியதும் அது அனுமதியற்ற கட்டடமானது. சிபாரிசுக் கடிதத்தால் இவை தீரவில்லை. 2007 நவம்பர் 25-ஆம் தேதி இந்து உரிமை அமைப்பான ஹிண்ட்ராஃப் அழைப்பில் கோலாலம்பூர் தெருக்களில் ஆயிரக்கணக்கான இந்தியர்கள் திரண்டார்கள். கண்ணீர்ப்புகையும் ரசாயனம் கலந்த தண்ணீரும் பாய்ந்தன. அடுத்த மாதம் அதன் ஐந்து தலைவர்கள் விசாரணையின்றி அடைக்கப்பட்டார்கள். அறுபது ஆண்டுகளுக்கு முன் அடைக்கப்பட்ட தெரு வழி மறுபடி திறந்தது என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன்.

2008 மார்ச் 8. அன்று சாமிவேலுவுக்கு 72-ஆவது பிறந்தநாள். அன்றுதான் பொதுத் தேர்தல். எட்டு முறை அவரைத் தேர்ந்தெடுத்த சுங்கை சிப்புட், மலேசிய சோசலிசக் கட்சியின் டாக்டர் மைக்கல் ஜெயகுமாரை 1,821 ஓட்டு வித்தியாசத்தில் தேர்ந்தெடுத்தது. ஜெயகுமார் முந்தைய இரண்டு தேர்தல்களிலும் அவரிடமே தோற்றவர், இந்த வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர்களோடு பல ஆண்டுகள் வேலை செய்தவர். 1948-இல் அடக்கப்பட்ட இடதுசாரிக் குரல் சுற்றிச் சுற்றி அதே ஊருக்குத் திரும்பி வந்தது. அன்றிரவு எங்கள் தாமானில் பட்டாசு வெடித்தவர்களும் இருந்தார்கள், கதவைச் சாத்திக்கொண்டு அழுதவர்களும் இருந்தார்கள். பல வீடுகளில் அப்பா ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம்.

அதன் பிறகு நடந்ததை எண்களே சொல்லும். நாடாளுமன்றத்தில் ம.இ.கா.வுக்கு 2004-இல் 9 இடங்கள், 2008-இல் 3, 2013-இல் 4, 2018-இல் 2. அந்த இரண்டில் கேமரன் மலைத் தொகுதி வெற்றி செல்லாது என்று நீதிமன்றம் சொன்னதும் மிஞ்சியது ஒன்று. நடுவே தலைமைச் சண்டை, உள்கட்சித் தேர்தலை மறுபடி நடத்தச் சொல்லி சங்கப் பதிவதிகாரியின் உத்தரவு, வழக்குகள்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். இந்தியாவில் ராஜாஜி 1959-இல் தொடங்கிய சுதந்திரா கட்சியும் மைய வலதுசாரிதான். 1967-இல் மக்களவையில் 44 இடங்கள் பெற்று, 1971-இல் எட்டுக்கு இறங்கி, 1974-இல் வேறு கட்சியில் கரைந்தது. அது கொள்கைக்காகப் பிறந்த கட்சி, கொள்கைக்கு ஓட்டு கிடைக்காதபோது மறைந்தது. ம.இ.கா. அப்படி இல்லை. அது ஒரு வாசல். அரசாங்கத்துக்குள் போக இந்தியருக்கு இருந்த ஒரே வாசல் என்பதே அதன் பலம். 2018-இல் தேசிய முன்னணி ஆட்சியை இழந்து நம்பிக்கைக் கூட்டணி வந்தபோது, ம.இ.கா.வைச் சேராத நான்கு இந்திய வம்சாவளியினர் முழு அமைச்சர்களானார்கள். அவர்களில் ஒருவர் ஹிண்ட்ராஃபின் வேதமூர்த்தி. வேறு வாசல்களும் திறக்கும் என்று தெரிந்துவிட்டால், பழைய வாசலில் நிற்கிற வரிசை கலைந்துவிடுகிறது. ஓட்டுக் கணக்கும் மாறிவிட்டது. ஒரு காலத்தில் ம.இ.கா. வேட்பாளருக்கு விழுந்த மலாய் ஓட்டு இப்போது இரண்டு மூன்று அணிகளாகப் பிரிந்து கிடக்கிறது.

என் அண்ணன் மகள் முதன்முறை ஓட்டுப் போட்ட 2022 தேர்தலில் சுங்கை சிப்புட்டில் ம.இ.கா. தலைவர் விக்னேஸ்வரனே நேரடியாக நின்றார். 2,000-க்கும் குறைவான ஓட்டு வித்தியாசத்தில் கெஅடிலான் கட்சியின் கேசவனிடம் தோற்றார். நாடு முழுவதும் கட்சி பத்துத் தொகுதிகளில் நின்று வென்றது ஒன்றில், பேராக்கின் தாப்பாவில்.

அவள் யாருக்குப் போட்டாள் என்று நான் கேட்கவில்லை. தாத்தாவின் பங்குப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு பத்து வெள்ளிக்கும் எதிரே இருந்த கையெழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது யார் கையெழுத்து?" என்று கேட்டாள். கிளைச் செயலாளர் என்றேன்.